சத்தம் போடாத கியர்பாக்ஸ்

பட்டறைத் தெருவில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் டிரைவிங் லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பார்க்கிற மெக்கானிக். வண்டி வந்து நின்றால் மற்றவர்களைப் போல உடனே ஜாக்கி போட்டு அடியில் நுழைய மாட்டார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கியர் லீவரை ஒவ்வொரு இடமாகத் தள்ளிப் பார்ப்பார். பிறகு கண்ணைத் திறந்துகொண்டு (அந்த மட்டுக்கும் புத்தி உண்டு) தெருமுனை வரை ஓட்டிவிட்டு வருவார். இறங்கியதும் தீர்ப்பு. ஆயில் பம்ப் என்றால் ஆயில் பம்ப், கிளட்ச் தட்டு என்றால் கிளட்ச் தட்டு. பிரித்துப் பார்த்தால் சொன்னது அப்படியே இருக்கும்.

அந்தக் காது காலை வாரிவிட்ட கதையை அவரே வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார். நான் கேட்டதே நாலைந்து தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் கதையில் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே வருகிறார். நான் நடுவாக ஒரு அளவை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

அவர் தொழில் தொடங்கியது ஒரு பஸ் டிப்போவில். கியர் செக்‌ஷனில் சாமான் கழுவுகிற வேலை. பஸ் கியர்பாக்ஸ் ஊமை இல்லை, ஒரு பல் தேய்ந்தாலும் ஊரைக் கூட்டும். கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. கிளட்சே மிதிக்க வேண்டாத வண்டிகள் தெருவுக்கு வந்தபோது, அந்தக் கியர் பெட்டியைத் தொட மற்றவர்கள் பயந்தார்கள். இவர் மட்டும் ஒரு செத்த பெட்டியைக் காயலான் கடையில் வாங்கிவந்து, படுக்கையறையில் பழைய போர்வை விரித்து, பிரித்துப்போட்டார். மனைவி கூடத்தில் படுத்தார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு ஸ்பிரிங்கும் கொஞ்சம் வாஷரும் மிச்சம்.

"கம்பெனிக்காரன் தேவையில்லாம வெச்சிருக்கான்" என்று மனைவியிடம் சொன்னாராம். அந்தப் பெட்டி அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் ஏறவில்லை. ஆனால் அடுத்து வந்ததெல்லாம் ஓடியது.

காது எப்போது மங்க ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. ஆள் பேசுவது கேட்கும், லாரி ஹாரன் கேட்கும், இரும்பு விழுந்தால் கேட்கும். ஊசிபோல மெல்லிய சத்தங்கள்தான் சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. வீட்டில் வாசல் மணி அடித்து அடித்து வந்தவர்கள் திரும்பிப்போனார்கள். அவர் மணிக்குப் பாட்டரி மாற்றினார். பிறகு மணியையே மாற்றினார். பிறகு, இப்போது வருகிற மணி எதுவுமே சரியில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தார்.

"மணி நல்லாத்தான் இருக்கு. நீங்க ஒருதடவை டாக்டர்கிட்ட காதைக் காட்டுங்க" என்றார் மனைவி.

"என் காதையா?" என்று சிரித்தார் காதுக்காரர். ஊரே மெச்சுகிற காது. அதைப் போய் இன்னொருத்தனிடம் காட்டுவதா? பட்டறையில் சத்தம் குறைந்துவிட்டதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. இந்தக் காலத்து வண்டிகளே சத்தம் போடுவதில்லையாம். அவரிடம் வந்ததெல்லாம் அந்தக் காலத்து வண்டிகள்தான் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச்சொல்லவில்லை.

இனி அக்கா கதைக்கு வருவோம். காதுக்காரருக்குக் கூடப் பிறந்த அக்கா. ஆபீஸ்களுக்குப் பூந்தொட்டிகளை வாடகைக்கு விடுகிறவள். ஒவ்வொரு ஆபீஸாகப் போய் வாடின செடியை எடுத்துக்கொண்டு, தழைத்த செடியை வைத்துவிட்டு வருவாள். வாடினதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேற்றி, அடுத்த முறை வேறொரு ஆபீஸில் இறக்குவாள். மாடிப்படியில் விழுந்ததில் அவளுடைய இடது முட்டிக்குள் உலோகத் தகடு வைத்துவிட்டார்கள். கால் மடங்காது, அழுத்தாது. கிளட்ச் உள்ள வண்டியை அவளால் ஓட்டவே முடியாது. அந்தத் தெருவிலேயே வயசான பிக்கப் டிரக் ஒன்று, பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறம், ஆட்டோமேட்டிக். அதைத் தேடிப்பிடித்துக் கொடுத்தது தம்பிதான். வலது கால் ஒன்றை வைத்துக்கொண்டு அவள் அதில் ஊரையே சுற்றினாள். வண்டி இருக்கும்வரை அவள் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். வண்டி போனால் மகன் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான்.

மகன் நல்லவன், அதைச் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கென்று ஒரு அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர். இந்த வயதில் இந்தக் காலோடு தொட்டி தூக்கி அலைய வேண்டுமா என்பது அவன் கேள்வி. அதற்கு அக்காவிடம் எப்போதும் ஒரே பதில்தான் இருந்தது. "வண்டி ஓடுற வரைக்கும் ஓட்டுறேன், நின்னா நானும் நிக்கிறேன்." மகனும் சரி என்று ஒப்புக்கொண்டிருந்தான்.

வண்டி நிற்கப் பார்த்தது. கியரை டிரைவில் போட்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்புறம் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு நகரும். மேடு ஏறும்போது எஞ்சின் மட்டும் ஓலமிடும், சக்கரம் எனக்கென்ன என்று இருக்கும். அக்கா பட்டறைக்குக் கொண்டுவந்தாள். மகனும் கூட வந்திருந்தான். காதுக்காரர் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றினார், கண்ணை மூடினார், லீவரைத் தள்ளினார். ஆயில் குச்சியை உருவி அளவு மட்டும் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியது அவரேதான், வேறெப்படி இருக்கும்?

இறங்கி வந்து கையைத் துடைத்தார்.

"ஆயில் உறிஞ்சுறதுல கோளாறுன்னா பம்ப் கத்தும். கத்துனா பொழச்சுக்கும், சின்ன வைத்தியம்தான். இது மூச்சே விடலைக்கா. அப்படின்னா உள்ள தட்டெல்லாம் தேஞ்சு தீஞ்சிருச்சு. பெட்டி போச்சு."

"ஒரு சத்தமும் இல்லையாடா?" என்று கேட்டாள் அக்கா.

"ஒண்ணுமே இல்ல."

அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், தம்பிக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள். இவ்வளவு பழைய மாடலுக்குப் புதுப் பெட்டி எங்கும் கிடையாது. பழையது ஒன்று கிடைத்தாலும் அதை வாங்கி மாட்டுகிற செலவுக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம். மகன் அன்றைக்கே பழைய வண்டி வியாபாரியிடம் பேசிவிட்டான். வெள்ளிக்கிழமை மதியம் பட்டறைக்கே வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். எஞ்சினை அணைக்காமலே உள்ளே இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு வாளியில் போட ஆரம்பித்தாள். கால் வைக்கிற தலையணை, களைக்கொத்து, கதவுப் பையில் கிடந்த மண். மண்ணைக்கூட வழித்துப் போட்டாள்.

"பால்கனியில நாலு தொட்டி வெச்சுக்கலாம்னு சொல்லியிருக்கான்" என்றாள். "நாலு தொட்டிக்குத் தண்ணி ஊத்த எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம் நாள் பூரா என்னடா பண்ணுவேன்?"

காதுக்காரருக்குத் தீர்ப்புச் சொல்லும்போது ஜம்பமாகத்தான் இருந்தது. தீர்ப்பு வாளியில் விழுவதைப் பார்க்கிறபோதுதான் கஷ்டமாக இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் சக்கரத்தைக் காலால் ஒரு உதை விட்டார்.

அக்கா அவரைத் தேற்றுவதற்காகச் சிரித்தாள். "போகட்டும் விடு. இந்தக் கீச்சுச் சத்தத்துல இருந்தாவது எனக்கு விடுதலை."

"எந்தக் கீச்சு?"

"இதோ இப்பக்கூடத்தான். கொசு மாதிரி ஙொய்யினு."

"அதுவா? அது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான்" என்று சொல்லிவிட்டார் காதுக்காரர். வாய் அப்படி, மூளையைக் கேட்டுக்கொண்டு பேசுகிற பழக்கம் அதற்கு இல்லை. சொன்ன பிறகுதான் உறைத்தது. கொசு மாதிரி என்றால் பம்ப். பம்ப் கத்தினால் பெட்டி போகவில்லை. அவர் காதில் விழுந்ததோ எஞ்சின் உறுமல் மட்டும்தான்.

"நீ இறங்காத. கியர் பார்க்லயே இருக்கட்டும். ஆக்சிலேட்டரை மெதுவா அழுத்து. இப்ப எப்படி இருக்கு?"

"கூடுது."

"விடு."

"குறையுது. ஏன்டா, உனக்குக் கேக்கலையா?"

"கேக்குது, கேக்குது. உனக்குச் சரியாக் கேக்குதான்னு பாக்குறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். சந்தேகம் தீரட்டும் என்று எதிர்ப்புறத்தில் பாட்டரிக் கடை வைத்திருப்பவரை ஜாடை காட்டிக் கூப்பிட்டார். அவர் கதவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, தெருவின் நடுவிலேயே நின்றுவிட்டார்.

"என்ன காதுக்காரரே, என்னைச் சோதிக்கிறீங்களா? கடை வரைக்கும் கேக்குதே! அன்னிக்கு வந்தப்பவே கேட்டுச்சு. பம்ப்போன்னு நெனச்சேன். நீங்க தட்டுன்னதும், சரி, நமக்கு என்ன தெரியும்னு பேசாம இருந்துட்டேன்."

ஆக, தெருவே கேட்டிருக்கிறது. இவர் கேட்கவில்லை என்பதால் தெருவே தன் காதைச் சந்தேகப்பட்டிருக்கிறது. இந்த இடத்தில் கதையை நிறுத்தி, தலையில் ஒரு அடி அடித்துக்கொள்வார் காதுக்காரர். "செவிடன் காதுல சங்கு ஊதுனாங்கன்னு சொல்வாங்க. இங்க செவிடன் ஊதுனான், ஊரே கேட்டுக்கிட்டு நின்னுச்சு" என்பார்.

ஆயில் குச்சியை மறுபடி உருவி, இந்தத் தடவை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பு ஆயிலில் பொடிப்பொடியாக நுரை. எங்கிருந்தோ காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. காற்றைக் குடித்தால் பம்புக்கு அழுத்தம் எங்கிருந்து வரும், தட்டு எப்படி இறுகும்? பல காலமாகத் தீர்ப்புக்கு முன்னால் செய்யாத வேலையை அன்றைக்குச் செய்தார். எஞ்சினை அணைக்கச் சொல்லி, அக்காவை இறக்கிவிட்டு, ஜாக்கி போட்டு அடியில் நுழைந்தார்.

ஆயில் சட்டியைக் கழற்றினார். தட்டு தேய்ந்திருந்தால் சட்டியின் அடியில் கருகல் கிடக்கும், உலோகத் துருவல் மின்னும். ஒன்றும் இல்லை, துணியால் துடைத்தால் போகிற சாம்பல் பூச்சுதான். அடுத்து ஃபில்டரைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. வரக்கூடாது. அதன் கழுத்து மேலே ஒரு துளைக்குள் ரப்பர் வளையத்தோடு இறுக உட்கார்ந்திருக்க வேண்டும். விரலை விட்டுத் துழாவினார். துளைக்குள் ஏற்கெனவே ஒரு வளையம் இருந்தது, பழைய ஃபில்டரோடு வெளியே வராமல் ஒட்டிக்கொண்டுவிட்ட பழைய வளையம். அதைக் குத்தி எடுக்காமல் புது வளையத்தோடு புது ஃபில்டரை அழுத்தியிருக்கிறார்கள். பாதிதான் போயிருக்கிறது, மீதி இடைவெளியில் காற்று.

அழுத்தியிருக்கிறார்கள் என்ன, அழுத்தியிருக்கிறார். வேறு யார் கையும் அந்த வண்டியில் பட்டதில்லை.

ஃபில்டர் சரியாக உட்கார்ந்தால் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் போல்ட்டில் கை வைப்பது அவர் வழக்கம். போன மாதம் அது வரவில்லை. ஆனால் பழக்கம் பாருங்கள், காது சொல்லாததை மனசே சொல்லிக்கொண்டது, 'டப்' என்று. அவரும் நம்பி மூடிவிட்டார். அவரே கெடுத்து, அவரே சோதித்து, அவரே சாகடித்து, அக்காவுக்குத் துக்கமும் விசாரித்திருக்கிறார். வண்டிக்கு அடியில் மல்லாந்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தார். முகத்தில் ஆயில் சொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை, அவருக்கு அது வேண்டியதுதான்.

பழைய வளையத்தைக் குத்தி எடுத்தார். நல்ல வளையமாகப் பார்த்து மாட்டி, ஃபில்டரை உள்ளங்கையால் அழுத்தினார்.

"அக்கா, ஏதாவது கேட்டுச்சா?"

"டப்புன்னுச்சு."

குரல் மிகப் பக்கத்தில் இருந்தது. தலையைத் திருப்பினால், அக்கா மடங்காத காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வண்டிக்கு அடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளாடா?" என்றாள்.

"என்னது?"

அவள் மறுபடி கேட்கவில்லை. அவர் 'என்னது' என்றது கேள்வி காதில் விழாததால் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

சட்டியை மாட்டி, ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு அளவு பார்த்து முடித்தார். அக்கா டிரைவில் போட்டாள். யோசனையும் இல்லை, குலுக்கலும் இல்லை, போட்டவுடன் பிடித்துக்கொண்டது. பட்டறை வாசலில் உள்ள மேட்டில் வண்டி விறுவிறுவென்று ஏறித் தெருவில் நின்றது. பாட்டரிக்காரர் கை தட்டினார். அந்த நேரம் பார்த்து மகனும் பழைய வண்டி வியாபாரியும் வந்து இறங்கினார்கள்.

"மாமா, பெட்டி போச்சுன்னீங்க?" மகனுக்கு வாய் பிளந்துவிட்டது. "செத்ததை எழுப்பிட்டீங்களே!"

"காதுக்காரர்னா சும்மாவா?" என்றார் பாட்டரிக்காரர், பாதி உண்மையாகவும் பாதி நட்புக்காகவும். டயர்க் கடையிலிருந்தும் வெல்டிங் கடையிலிருந்தும் நாலு பேர் வந்து கூடினார்கள். காதுக்காரர் ஆயில் முகத்தோடு நின்றார். உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்ததாம். கெடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது, எழுப்பியது யார் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. இதைவிட லாபமான வியாபாரம் உண்டா? குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை, மீசைக்கு மாலையும் போடுகிறார்கள்.

வியாபாரி வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "நல்லா இருக்கே. இரும்பு விலைன்னு பேசினோம். ஓடுற வண்டின்னா ஏத்திக் குடுக்கறேன்."

மகன் அம்மாவிடம் திரும்பினான். "ஓடும்போதே குடுத்துடலாம்மா. உள்ள தட்டெல்லாம் தேஞ்சிருச்சுன்னு மாமாவே சொல்லிட்டாரு. இன்னிக்கு ஏதோ கைராசியில ஓடுது. நாளைக்கு நடுரோட்டுல நின்னா, நீங்க இந்தக் காலை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

நியாயமான பேச்சு. காதுக்காரரின் வாயிலிருந்து வந்த அதே பேச்சு. அவர் அக்காவைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தட்டும் தேயவில்லை ஒன்றும் தேயவில்லை, இவனுக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. கூடியிருக்கிற ஆட்களை ஒருமுறை பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியைத் தனியாகக் கழற்ற ஆரம்பித்தாள். தம்பியின் பட்டப்பெயர் தெருவில் உடைவதைவிட, தன் வண்டி போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு அவர் தேறிய திருடன் இல்லை.

"குடுக்காதக்கா" என்றார். குரல் எக்கச்சக்கமாக உயர்ந்துவிட்டது, தெருமுனை வரை போயிருக்கும். "மாப்ளே, தட்டு தேயல. நான் சொன்னது தப்பு. அது காத்து உறிஞ்சிக் கத்திக்கிட்டே இருந்திருக்கு, எனக்குத்தான் கேக்கல. அந்தக் காத்துக்கும் நான்தான் வழி விட்டிருக்கேன். ஃபில்டரைச் சரியா மாட்டாம மூடினது நான். பெட்டி இன்னும் பல வருஷம் ஓடும். பெட்டிக்கு ஒண்ணுமில்ல, போனது என் காது."

யாரும் ஒன்றும் பேசவில்லை. பேசினார்களோ என்னவோ, தனக்குக் கேட்கவில்லை என்பார் காதுக்காரர் இந்த இடத்தில். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது, கண் கலங்கியது. ஆயில் பட்டதால் எரிகிறது என்று முழங்கையால் தேய்த்துக்கொண்டார்.

மகன் மாமாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். "நிஜமாவே பெட்டி நல்லாருக்கா மாமா?"

"சட்டியைக் கழட்டிக் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன். இனிமே எதையும் கண்ணால பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

"அப்ப ஓடுற வரைக்கும் ஓட்டட்டும்" என்றான் மகன், தான் ஒப்புக்கொண்டதை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டபடி. வியாபாரி எல்லோரையும் வைதுகொண்டே கிளம்பிப் போனார். வீணாக அலைந்தவர், அவர் வைததில் தப்பு இல்லை.

அக்கா வீட்டுச் சாவியைத் திரும்பக் கொத்தில் கோர்த்தாள். வாளியைத் தூக்கி வண்டிக்குள் வைத்தாள். தலையணையை அதன் இடத்தில் போட்டு, காலை நீட்டி, ஏறி உட்கார்ந்து பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுடா."

"எங்க?"

"காது டாக்டர்கிட்ட."

"முகமெல்லாம் ஆயிலா இருக்கு. நாளைக்குப் போலாம்க்கா."

"அவரு முகத்தைப் பாக்க மாட்டாரு. ஏறு."

ஏறினார். அந்த வண்டியில் பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அக்கா டிரைவில் போட்டாள், வண்டி நகர்ந்தது. தெருமுனை தாண்டுவதற்குள் அவருக்குத் தாங்கவில்லை.

"கீச்சு இருக்காக்கா?"

அக்கா ஆக்சிலேட்டரை ஒருமுறை அழுத்தி, விட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயசைவும் தெரியும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"சுத்தமா இல்லடா."

ஒரு கியர்பாக்ஸைப் பற்றி இன்னொருவர் சொன்னதை அவர் அப்படியே நம்பினார். நம்பிவிட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.